கணவரும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை: ராஜாவா, ரஹ்மானா?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கிறேன். எனக்கு வயது 40. என் கணவருக்கு 49, என் ஒரே தம்பிக்கு 37. கணவர் இளையராஜாவின் பரம ரசிகர். தம்பிக்கு ஏ.ஆர். ரஹ்மான்தான் எல்லாம். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்தே இருவரும் இதைப் பற்றி வாதாடுவார்கள். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். போன தீபாவளியன்று சாப்பாட்டு நேரத்தில், எது சிறந்த ஆல்பம் என்று பேச்சு ஆரம்பித்தது. “கீபோர்டைப் பிடுங்கிவிட்டால் உன் ஆளிடம் பாட்டே இல்லை” என்றார் கணவர். “உங்கள் ஆள் 92-ஓடு முடிந்துவிட்டார் மாமா, உங்கள் காதும் அங்கேயே நின்றுவிட்டது” என்றான் தம்பி. “சொந்தமாக ஒரு செங்கல் வைக்கத் துப்பில்லாமல் வாடகை வீட்டில் இருப்பவன் எனக்குப் பாட்டுச் சொல்லித்தர வந்துவிட்டான்” என்று இவர் சொல்ல, தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வரும் மாசியில் எங்கள் மூன்று வயது மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தப் போகிறோம். தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். எல்லாரும் ஒரே வேனில் போக வேண்டும். வேனில் என்ன பாட்டுப் போடுவது என்பதே பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி என்று நீங்களாவது தீர்ப்புச் சொன்னால் இருவரிடமும் காட்டுவேன். (எனக்குப் பிடித்தவர் வித்யாசாகர். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.)

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சண்டைகள் இருக்கின்றன. ஒன்று பாட்டைப் பற்றியது. அதில் இருவர் பக்கமும் பிழை உண்டு. மற்றொன்று வாடகை வீட்டைப் பற்றியது. அதில் பிழை முழுவதும் உங்கள் கணவருடையது. அதற்குக் கடைசியில் வருகிறேன். பாட்டுச் சண்டையை முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம், அது நல்ல சண்டை; உங்கள் வீட்டில் அது நின்றுபோவதை நான் விரும்பவில்லை.

நீங்கள் சமாதானம் செய்ய நினைத்து “இருவருமே மேதைகள்தானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்படிச் சொல்பவர் நடுநிலையாளர் போலத் தோன்றுவார். வாதாடுபவர்களுக்கோ, இவர் எதையும் கேட்டதில்லை என்றுதான் படும். பிடித்த பாட்டுக்காகக் குரலை உயர்த்துகிறவர் அதை நூறு முறை கேட்டவர். அதன் இரண்டாவது சரணத்துக்கு முன் வரும் வயலினைத் தனியாக முணுமுணுக்கத் தெரிந்தவர். அவரிடம் போய் எல்லாம் ஒன்றுதான் என்றால், அவர் கேட்ட நூறு முறையும் வீண் என்று சொன்னதாகிவிடும்.

இந்த வாதத்தில் முதலில் உருவப்படும் ஆயுதம் விருது. 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் விருது, தன் முதல் படமான ‘ரோஜா’வுக்காக ரஹ்மானுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வந்த ‘தேவர் மகன்’ படத்தின் ‘இஞ்சி இடுப்பழகி’ பாட்டுக்காக எஸ். ஜானகி சிறந்த பாடகிக்கான விருதைப் பெற்றார். அந்தப் படத்துக்கு இசை இளையராஜா. உங்கள் தம்பி முதல் செய்தியைச் சொல்வார், கணவர் இரண்டாவதைச் சொல்வார், இரண்டும் உண்மை. மொத்தக் கணக்கில் தேசிய விருது ராஜாவுக்கு ஐந்து, ரஹ்மானுக்கு ஏழு. அதற்கு மேல் 2009-இல் ரஹ்மான் வாங்கிய இரண்டு ஆஸ்கர்கள். தம்பி இந்த எண்ணிக்கையைச் சொன்னால், உங்கள் கணவர் அதை மறுக்க வேண்டியதில்லை. ஒரு நடுவர் குழு ஓர் ஆண்டில் தன் முன்னே வந்த படங்களில் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது மட்டுமே அதில் தெரியும். ‘ஜானி’க்கோ ‘உதிரிப்பூக்கள்’ படத்துக்கோ இசைக்கான தேசிய விருது கிடைக்கவில்லை என்பதால் அந்தப் பாடல்களைக் கேட்காமல் விட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆயுதம் வாக்கெடுப்பு. பி.பி.சி. உலக சேவை தன் 70-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2002-இல் உலகின் மிகப் பிடித்த பாடல் எது என்று நேயர்களைக் கேட்டது. அந்தப் பட்டியலில் ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடத்தைப் பிடித்தது. ராஜா ரசிகர்கள் இதை இன்றுவரை சொல்லிக்காட்டுவார்கள். உங்கள் கணவரும் சொல்லியிருப்பார். அதே பட்டியலின் ஒன்பதாம் இடத்தில் ரஹ்மானின் ‘சைய்ய சைய்யா’ இருக்கிறது என்பதையும், ஐந்தாம் இடத்தில் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்ற ஈழத் தமிழ்ப் பாடல் இருக்கிறது என்பதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். முதலிடம் பெற்றது ஓர் அயர்லாந்து நாட்டுப்பற்றுப் பாடல். அதன் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பி வாக்குத் திரட்டிய கதை அப்போதே வெளிவந்துவிட்டது. உலகெங்கும் கொண்டாடப்பட்ட ஓர் ஆங்கில ராக் பாடல் பத்தாவதாக வந்து நின்றது. யார் அதிகம் சிரத்தை எடுத்து வாக்களித்தார்கள் என்பதை அந்தப் பட்டியல் நன்றாகவே காட்டுகிறது. நான்காம், ஐந்தாம் இடங்களைப் பார்க்கும்போது, தமிழர்கள் அந்த விஷயத்தில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை என்று ஒரு சின்னச் சந்தோஷம் எனக்கும் உண்டு.

இனி அன்று சொல்லப்பட்டவற்றுக்கு வருவோம். கீபோர்டைப் பிடுங்கினால் பாட்டே இல்லை என்ற உங்கள் கணவரின் பேச்சு நிற்காது. ‘கருத்தம்மா’வில் வரும் ‘போறாளே பொன்னுத்தாயி’யை அவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த அந்தப் பாட்டில், எந்த வாத்தியத்தை எடுத்தாலும் குரலும் மெட்டும் தாமாகவே நிற்கும். அதே ஸ்வர்ணலதாதான் ‘ராக்கம்மா’விலும் பாடியவர் என்பதை அவருக்கு நினைவூட்டலாம். எஸ்.பி. பாலசுப்ரமணியம் ‘சாகர சங்கமம்’ படத்துக்கும் ‘ருத்ரவீணை’க்கும் ராஜாவின் இசையில் தேசிய விருது பெற்றார், ‘மின்சாரக் கனவு’க்கு ரஹ்மானின் இசையில் பெற்றார். சித்ராவுக்கு ‘சிந்து பைரவி’யில் ஒன்று, ‘மின்சாரக் கனவி’ல் ஒன்று. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு பேரும் விருதுக்குரிய பாட்டை வரவழைத்திருக்கிறார்கள். போதாததற்கு, இளைஞர் ரஹ்மான் கீபோர்டு வாசித்த குழுக்களில் இளையராஜாவின் குழுவும் ஒன்று. உங்கள் கணவர் பிடுங்கச் சொல்லும் கீபோர்டு, அவருக்குப் பிடித்த பாட்டு எதிலாவது ஒலித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

உங்கள் தம்பியின் ‘92-ஓடு முடிந்தார்’ என்பது இதைவிடப் பலவீனமான வாதம். 1993-இல் ‘வள்ளி’ வந்தது. ‘என்னுள்ளே என்னுள்ளே’ அதில்தான் இருக்கிறது. அடுத்து ‘மகாநதி’, ‘சேது’, ‘பிதாமகன்’, ‘விருமாண்டி’. 2000-இல் வந்த ‘ஹே ராம்’ கதையைத் தம்பி கேள்விப்பட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். வேறொரு இசையமைப்பாளரின் பாடல்களை வைத்துக் காட்சிகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன; அவர் படத்திலிருந்து விலகியபின் வந்த ராஜா, எடுத்த காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டாம் என்று சொல்லி, திரையில் அசையும் உதடுகளுக்குப் பொருந்தும்படி புதிய பாடல்களை அமைத்துக் கொடுத்தார். தெரியாதவர் பார்த்தால் அந்தக் காட்சிகள் வேறொரு பாட்டுக்காக எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடிக்க முடியாது. ‘பழசிராஜா’வுக்கும் ‘தாரை தப்பட்டை’க்கும் பின்னணி இசைக்காக அவர் தேசிய விருது பெற்றது அதற்கும் வெகுகாலம் கழித்து. தம்பி விருதுக் கணக்கை மதிப்பவர் என்றால் இதையும் மதிக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு தெரிந்த இரண்டு பேர் இத்தனை ஆண்டுகளாக ஏன் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று யோசித்தேன். வயதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், விடை அங்கே இருப்பதாகப்படுகிறது. உங்கள் கணவர் பள்ளியில் படித்த காலத்தில், இசைத்தட்டு வாங்கும் வசதி பெரும்பாலான வீடுகளில் இல்லை. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்துப் போய் வாங்கிவர வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுத்தான் பிடிக்கும். ஆகவே ஒரு படத்திலிருந்து ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்று பொறுக்கி எழுத வேண்டும். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவருக்கு, ‘மௌன ராகம்’ பாட்டு முடிந்ததும் அந்தப் படத்தின் அடுத்த பாட்டு மனத்தில் எழாது. தன் தாளில் அடுத்த வரியில் எழுதியிருந்த வேறு படத்துப் பாட்டுத்தான் தானாகத் தொடங்கும். அவர் கேட்டு வளர்ந்தது பாட்டு பாட்டாக.

தம்பிக்கு நினைவு தெரிந்தபோது கடையில் அச்சிட்ட அட்டையோடு ஒரே படத்தின் முழுக் கேசட்டும், பிறகு சி.டி.யும் வந்துவிட்டன. படம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பாடல்கள் வெளியாகும். அட்டையின் உட்பக்கத்தில் யார் புல்லாங்குழல் வாசித்தார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்றுகூட அச்சிட்டிருக்கும். படத்தின் கதை தெரியாமல், ஆறு பாட்டையும் வரிசையாக, திரும்பத் திரும்பக் கேட்டு, இது எந்தக் கட்டத்தில் வரும் என்று ஊகித்துக்கொண்டிருந்த தலைமுறை அது. அவருக்கு அளவுகோல் ஆல்பம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பரந்து கிடக்கும் ராஜாவின் பாட்டுகளிலிருந்து உங்கள் கணவர் முத்து முத்தாக எடுத்து நீட்டும்போது, தம்பி ஒரு முழுப் படத்தின் பாடல்களை ஒன்றாக எடுத்துவைத்து, இதில் ஒன்று சோடையா என்று கேட்கிறார். ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்வதே இல்லை. தீபாவளியன்று பேச்சு ஆல்பத்தில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் மைதானத்தில் மாட்டிக்கொண்ட உங்கள் கணவர், அங்கிருந்து தப்பிக்கத்தான் கீபோர்டைப் பிடித்தார் என்பது என் ஊகம்.

ஆனால் அவர் தப்பித்து ஓட வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் கேட்ட தீர்ப்பில் ஒரு பங்கை இங்கே தருகிறேன். ஆல்பம் என்றே வைத்து, தம்பியின் பக்கத்திலிருந்து ‘இருவர்’ படத்தையும் (1997), கணவரின் பக்கத்திலிருந்து ‘ஜானி’யையும் (1980) எடுத்துக்கொள்வோம். ‘இருவர்’ நாற்பது ஆண்டு அரசியலையும் சினிமாவையும் பேசும் படம். பாடல்களும் காலத்தோடு சேர்ந்து நடக்கின்றன. சங்கப் பாடல்களின் சாயலில் எழுதப்பட்டு, உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் கர்நாடக இசையின் கம்பீரத்தோடு பாடிய ‘நறுமுகையே’. ஐம்பதுகளின் நாயகிக்குப் பாடியது போன்ற ‘பூக்கொடியின் புன்னகை’. மனோ பாடிய, புரட்சி நாயகர்களின் மேடைப்பாட்டுத் தோரணையிலான ‘ஆயிரத்தில் நான் ஒருவன்’. ஜாஸ் துள்ளலோடு ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’. பழைய காலத்தை நகலெடுக்காமல், அதன் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்ட வேலை அது. ரஹ்மானின் வேறெந்தத் தமிழ்ப் படத்தையும்விட நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

‘ஜானி’யில் இருப்பது ஐந்தே பாட்டு, ஐந்தையும் ஐந்து பேர் பாடியிருக்கிறார்கள்: ஜானகி, ஜென்சி, சுஜாதா, எஸ்.பி. ஷைலஜா, எஸ்.பி.பி. இதில் வியப்பு என்னவென்றால், ஸ்ரீதேவி நடித்த பாடகி அர்ச்சனா என்ற ஒரே பாத்திரத்துக்கு மூன்று குரல்கள். பியானோவில் தொடங்கும் ‘என் வானிலே’ ஜென்சி, ‘ஒரு இனிய மனது’ சுஜாதா, கடைசியில் ‘காற்றில் எந்தன் கீதம்’ ஜானகி. கதையில் வருபவளே ஒரு பாடகி என்னும்போது, குரல் மாறினால் பாத்திரமே சிதறியிருக்க வேண்டும்; சிதறவில்லை. தனிமையில் இருக்கும் ஒரு பெண், தான் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லாமல் பாட்டுக்குள் வைத்துவிடுகிற கூச்சம், மூன்று மெட்டுகளிலும் ஒரே மாதிரி இருக்கிறது. மழையில் மேடையில் நின்று வருவானா என்று அவள் பாடும் கடைசிப் பாட்டில்தான் அந்தக் கூச்சம் உடைகிறது. அதற்கு ஜானகியின் குரல் தேவைப்பட்டது என்று நாம் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆல்பம் என்ற அளவுகோலிலேயே என் வாக்கு ‘ஜானி’க்கு. தம்பி இதைப் படித்துவிட்டு, ‘இருவர்’ ஒரு நாட்டின் கதையைச் சுமக்கிறது, ‘ஜானி’ ஒரு பெண்ணின் மனத்தை மட்டும் சுமக்கிறது, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பார். கேட்கட்டும், அப்படிப்பட்ட கேள்வியைத்தான் தீபாவளியன்றும் கேட்டிருக்க வேண்டும்.

இருவரும் மறுபடி வாதாடத் தொடங்கும்போது (தொடங்குவார்கள், கவலை வேண்டாம்) நீங்கள் கண்டிப்பாக ஒன்றை மட்டும் கேளுங்கள். எந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும், அதை முதலில் ஒலிக்கவிட்டு, முடியும்வரை இருவரும் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பாட்டுச் சண்டைகள், பாட்டைப் போடாமல் நினைவில் வைத்தே நடப்பவை. முடிந்ததும் பேசுவது அந்தப் பாட்டைப் பற்றியே இருக்கட்டும். அதில் தேறிவிட்டால், ஒருவர் மற்றவரின் ஆளிடமிருந்து ஒரு பாட்டை எடுத்துவந்து அதற்காக வாதாட வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். கணவர் ரஹ்மானுக்காக வாயைத் திறக்க மூன்று மாதம் ஆகலாம். ஆனாலும் அவர் எந்தப் பாட்டோடு வருகிறார் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

வேனைப் பற்றிய பயத்துக்கு விடை உங்கள் கடிதத்தின் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்த் திரையிசையை இருவருக்கு மட்டும் பங்கு பிரித்துக்கொண்டு விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் தேவாவையும் வித்யாசாகரையும் வெளியே நிறுத்தியவர்கள் உங்கள் கணவரும் தம்பியும்தான். பயணத்துக்கான பாட்டுகளை நீங்கள் பென்டிரைவில் ஏற்றி, ஏறும்போதே ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். வித்யாசாகரின் ‘மலரே மௌனமா’வில் தொடங்கி, ‘ரன்’, ‘அன்பே சிவம்’, ‘தூள்’, ‘மொழி’ என்று வைத்துக்கொண்டால் போகும் வழி முழுக்கத் தாங்கும். யாராவது மாற்றச் சொன்னால், காது குத்துவது என் மகளுக்கு, பாட்டு என்னுடையது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. திரும்பும் வழியில் மாலை வெயிலில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அப்போது யார் எதைப் போட்டாலும் பரவாயில்லை. கோயிலிலோ உங்களுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. மைக் செட்காரர் சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’யில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் ‘செல்லாத்தா’வுக்குப் போய்விடுவார். அவர் யாரிடமும் யோசனை கேட்பதில்லை.

இனி அந்த வாடகை வீட்டுக்கு வருவோம். “உங்கள் காது அங்கேயே நின்றுவிட்டது” என்று தம்பி சொன்னது துடுக்கு. மாமா என்று அழைக்கும் உரிமையில், பாட்டுப் பேச்சின் சூட்டில் வந்தது. அதற்குப் பதிலாக உங்கள் கணவர் சொன்னதில் இசையே இல்லை. தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியை, அவர் அக்காவின் முன்னால், வருமானத்தைச் சொல்லிக் குத்தினார். அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு ராஜாவையும் ரஹ்மானையும் எவ்வளவு சமரசம் செய்துவைத்தாலும் தம்பியின் மனம் ஆறாது. தாய்மாமன் முறைக்காக வந்து குழந்தையை மடியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவார்.

ஆகவே காதுகுத்துக்கு அழைக்கத் தொலைபேசி வேண்டாம், நீங்கள் தனியாகப் போவதும் வேண்டாம். தாய்மாமனை அழைப்பது முறைப்படி நடக்க வேண்டிய காரியம். உங்கள் கணவர் தாம்பூலத் தட்டோடு அந்த வாடகை வீட்டுக்கு நேரில் போகட்டும். தட்டைக் கொடுக்கும் முன், “அன்றைக்கு வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது, மாப்பிள்ளை” என்று ஒரு வரி சொன்னால் போதும். விளக்கம் எதுவும் தேவையில்லை. இந்தப் பதிலின் கடைசிப் பகுதியை மட்டும் கிழித்து முந்தைய நாள் இரவே அவரிடம் கொடுங்கள்; ‘ஜானி’யைப் பற்றி நான் எழுதியதை இப்போது காட்டிவிட்டால் ஜெயித்துவிட்ட முகத்தோடு கிளம்பிவிடுவார். அங்கே போய் அந்த ஒரு வரிக்குப் பின்னால் அவர் “ஆனாலும்...” என்று ஆரம்பித்தால், காப்பி ஆறுகிறது என்று சொல்லி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.